எக்ஸ்எம்-307 ஏன் கைவிடப்பட்டது?

அமெரிக்க ராணுவம் எக்ஸ்எம்-307 என்ற தானியங்கி எறிகுண்டுச் செலுத்தியை ஆண்டுக்கணக்கில் உருவாக்கி, சோதனைக் களத்தில் சுட்டும் காட்டிவிட்டு, 2007-ஆம் ஆண்டில் ஏன் நிறுத்திவிட்டது? இலக்கின் தலைக்கு மேலே வெடிக்கும் குண்டு என்ற எண்ணமே தவறானதா? இந்தியாவில் இதற்கு இணையான ஆயுதம் உண்டா? நீங்கள் கேட்டிருக்கும் மூன்று கேள்விகள் இவை. மூன்றாவது எளிது, கடைசியில் சொல்கிறேன். முதல் இரண்டுக்கும் விடை தேட வேண்டுமானால் தோளில் சுமையோடு மலை ஏறும் ஒரு சிப்பாயிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

அந்தச் சிப்பாய் சுமப்பது மார்க் 19. அமெரிக்கக் கடற்படையின் லூயிவில் ஆயுதச்சாலையில் 1966-இல் பணி தொடங்கி, வியட்நாமின் ஆறுகளில் ரோந்து சென்ற படகுகளில் முதலில் பொருத்தப்பட்ட ஆயுதம் அது. 40 மில்லிமீட்டர் எறிகுண்டுகளை பெல்ட்டில் கோத்து, நிமிடத்துக்கு 325 முதல் 375 வரை என்ற வேகத்தில் அனுப்பும். ஏறத்தாழ 1500 மீட்டர் வரை பயனுள்ள தூரம். படகுக்கும் வண்டிக்கும் நல்ல ஆயுதம்தான். கையில் எடுத்துச் செல்வது வேறு கதை. துப்பாக்கி மட்டும் 35 கிலோ. முக்காலியும் தாங்கியும் சேர்ந்தால் 62 கிலோவைத் தொடும். தோட்டா ஒன்று 340 கிராம் வரும். 48 தோட்டா உள்ள ஒரு பெட்டியின் உள்ளடக்கம் மட்டும் 16 கிலோவைத் தாண்டும். அதன் கனரகத் தோழனான எம்2 இயந்திரத் துப்பாக்கியும் அப்படித்தான்: துப்பாக்கி 38 கிலோ, முக்காலியுடன் 58 கிலோ.

ஆகவே 1990-களில் அமெரிக்கர்கள் கேட்டது இது: இருவர் தூக்கிச் செல்லக்கூடிய, எல்லாம் சேர்த்து 50 பவுண்டு, அதாவது 23 கிலோவுக்குள் அடங்கும் ஒரு குழு ஆயுதம். அது மார்க் 19-இன் வேலையையும் செய்ய வேண்டும். எம்2-வின் வேலையையும் செய்ய வேண்டும். 2000 மீட்டர் வரை எட்ட வேண்டும். பதுங்குகுழிக்குள் இருப்பவரையும் தாக்க வேண்டும். பிரைமெக்ஸ் நிறுவனத்தின் கையில் இருந்த இந்தத் திட்டம், 2001-இல் அந்த நிறுவனத்தை ஜெனரல் டைனமிக்ஸ் வாங்கியபோது அதனுடன் கைமாறியது. எக்ஸ்எம்-307 என்ற பெயரில் உள்ள ‘எக்ஸ்’ என்ற எழுத்து இன்னும் சோதனை நிலையில் இருப்பதைக் குறிக்கும். அந்த எழுத்து கடைசி வரை உதிரவே இல்லை.

இனி குண்டைப் பற்றி. இதுதான் இந்த ஆயுதத்தின் உயிர் என்பதால் இங்கே சற்று நின்று பேச வேண்டும்.

சாதாரண எறிகுண்டு எதிலாவது மோதினால்தான் வெடிக்கும். தரையில் மோதி வெடித்தால் சில்லுகளில் பெரும்பங்கு மண்ணுக்குள் போகும் அல்லது வானத்தை நோக்கிப் பறக்கும். குப்புறப் படுத்திருப்பவர் தப்பிவிடலாம். சுவருக்குப் பின்னால் இருப்பவர் நிச்சயம் தப்பிவிடுவார். அதே குண்டு அவருடைய தலைக்கு ஓரிரு மீட்டர் மேலே வெடித்தால் சுவரும் குழியும் பயன்படாது. இந்த உண்மையைப் பீரங்கிப் படையினர் 200 ஆண்டுகளுக்கு மேலாக அறிவார்கள். பிரிட்டிஷ் பீரங்கி அதிகாரி ஹென்றி ஷ்ராப்னல் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கிய குண்டு வானில் வெடித்து உள்ளிருந்த ஈயக் குண்டுகளைக் கீழே பொழிந்தது. அவருடைய பெயரே இன்று எல்லா வெடிச் சில்லுகளுக்கும் பெயராகிவிட்டது. முதல் உலகப்போரில் பீரங்கிக் குண்டின் மூக்கில் உள்ள வளையத்தைக் கையால் திருகி, எத்தனை விநாடியில் வெடிக்க வேண்டும் என்று வைப்பார்கள். 1944 டிசம்பரில் ஆர்டென் காட்டுப் போரில், தரையை நெருங்கும்போது தானே உணர்ந்து குண்டை வெடிக்க வைக்கும் ரேடியோ பியூஸ் களம் கண்டது (பியூஸ் என்பது குண்டை வெடிக்கத் தூண்டும் பொறி).

ஆக, எண்ணம் பழையது. புதியது அளவு. பீரங்கிக் குண்டுக்குள் ஒரு ரேடியோவையே வைக்கலாம். எக்ஸ்எம்-307-இன் 25 மில்லிமீட்டர் குண்டு, கட்டைவிரல் பருமனைவிடச் சற்றுப் பெரியது. அதற்குள் மின்கலம், சுற்று, பாதுகாப்புப் பூட்டு, வெடிமருந்து எல்லாம் அடங்க வேண்டும். குழலுக்குள் இருக்கும் அந்த நொடிப்பொழுதில் எல்லாம் நசுங்காமல் பிழைக்கவும் வேண்டும்.

இந்த வகை ஆயுதங்கள் வேலை செய்யும் விதம் இது. சுடுபவர் லேசர் தூரமானியால் இலக்கைத் தொடுகிறார். கணினி தூரத்தை வைத்துக் குழலின் உயரத்தைச் சொல்கிறது. குண்டு எங்கே வெடிக்க வேண்டும் என்ற செய்தியையும் அதன் பியூஸுக்கு அனுப்புகிறது. குண்டு பறக்கிறது, குறித்த இடத்தில் வெடிக்கிறது. பறக்கும் குண்டு தான் எங்கே இருக்கிறது என்று எப்படி அறியும்? ஒரு வழி, நேரத்தை எண்ணுவது. மற்றொரு வழி, தன்னுடைய சுழற்சிகளை எண்ணுவது. கையில் தூக்கும் சிற்றளவு ஆயுதங்களுக்காக இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தவர்களின் அறிவை நான் மனமாரப் பாராட்டுகிறேன். காரணம் சொல்கிறேன்.

குழலின் உட்புறம் வெட்டப்பட்டிருக்கும் திருகு வரிகள் குண்டைச் சுழற்றுகின்றன. எடுத்துக்காட்டாக, அரை மீட்டருக்கு ஒரு சுற்று என்று அந்த வரிகள் அமைந்திருந்தால், 1000 மீட்டர் போக ஏறத்தாழ 2000 சுற்று. இப்போது ஒரு தோட்டா வெயிலில் கிடந்து சூடேறி, வழக்கத்தைவிட 2 விழுக்காடு வேகமாகப் புறப்படுகிறது என்று வையுங்கள். நேரத்தை எண்ணும் பியூஸ் குறித்த நொடியில் வெடிக்கும். ஆனால் குண்டு அதற்குள் 20 மீட்டர் தாண்டிப் போயிருக்கும். பதுங்குகுழிக்கு 20 மீட்டர் பின்னால் வெடித்து என்ன பயன்? சுழற்சியை எண்ணும் பியூஸுக்கு அந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. குண்டு வேகமாகப் போனால் சுழற்சியும் அதே விகிதத்தில் வேகமாகும். ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் என்ற கணக்கு கிட்டத்தட்ட மாறாது. வண்டியின் சக்கரச் சுற்றை எண்ணித் தூரம் சொல்லும் கருவி, வண்டி விரைந்தாலும் ஊர்ந்தாலும் சரியாகச் சொல்வதைப் போல.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். 25-ஐ 40-ஆல் வகுத்தால் எட்டில் ஐந்து. அதை மும்முறை பெருக்கினால் ஏறத்தாழக் கால் பங்கு. வடிவம் ஒன்றாகவே இருந்தால், 25 மில்லிமீட்டர் குண்டின் கொள்ளளவு 40 மில்லிமீட்டர் குண்டின் கொள்ளளவில் கால் பங்குதான். அதிலும் ஒரு பகுதியை மின்சுற்று விழுங்கிவிடுகிறது. வெடிமருந்தில் இழந்ததை இடத்தின் துல்லியத்தில் ஈடுகட்டுவோம் என்பதே எக்ஸ்எம்-307-ஐ வடிவமைத்தவர்கள் வைத்த பந்தயம். நியாயமான பந்தயம்தான். ஆனால் அதில் ஒளிந்திருக்கும் நிபந்தனையைக் கவனியுங்கள்: துல்லியம் தவறினால் கையில் இருப்பது பழையதைவிட வலுக் குறைந்த குண்டு. தூரமானி பழுதானால், மின்கலம் தீர்ந்தால், தூசி மறைத்தால், சுடுபவர் இலக்கை விட்டு அருகிலிருக்கும் புதரின் தூரத்தை அளந்துவிட்டால், அந்தப் பந்தயம் அங்கேயே தோற்கும்.

இப்போது எடைக்கு வருவோம். இலகுவான துப்பாக்கி என்று சொல்வது எளிது. பின்னுதையை என்ன செய்வது? 40 மில்லிமீட்டர் குண்டு கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு, விநாடிக்கு ஏறத்தாழ 240 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது. அதே அளவு உந்தம் துப்பாக்கியைப் பின்னால் தள்ளும். மார்க் 19 இதைத் தன் கனத்தால் சமாளிக்கிறது. தோட்டாவைக் குழலுக்குள் தள்ளும் அதன் கனமான போல்ட் முன்னோக்கிப் பாய்ந்துகொண்டிருக்கும்போதே தோட்டா வெடிக்கும். பின்னுதை முதலில் அந்தப் பாய்ச்சலை நிறுத்திவிட்டுத்தான் போல்ட்டைப் பின்னால் தள்ள முடியும். எளிய ஏற்பாடு, நம்பத்தக்க ஏற்பாடு, ஆனால் இரும்பு வேண்டும்.

எக்ஸ்எம்-307 வேறு வழியை எடுத்தது. குழலும் அதன் பின்னால் உள்ள பொறியும் ஒரே தொகுதியாக வெளிக்கூட்டுக்குள் முன்னும் பின்னும் வழுக்கும். ஒரு சுடுதலின் உதை ஒரே அடியாக முக்காலியில் விழாமல், நீண்ட ஓட்டத்தில் பரவிக் கரையும். ஓடி வருபவரைச் சுவரால் நிறுத்துவதற்கும், கையைப் பிடித்துக்கொண்டு நாலடி கூடவே ஓடி நிறுத்துவதற்கும் உள்ள வேறுபாடு இது. உதை மென்மையானதால் முக்காலி மெலியலாம், கூடு மெலியலாம், எடை குறையலாம்.

ஆனால் நாலடி ஓட நேரம் பிடிக்கும். அந்தத் தொகுதி பின்னால் போய் முன்னால் வந்து சேர்ந்த பிறகுதான் அடுத்த தோட்டா. சுடுவேகம் நிமிடத்துக்கு 250, 260 என்ற அளவிலேயே நின்றுவிட்டது. வானில் வெடிக்கும் எறிகுண்டுக்கு இது போதும். ஒவ்வொரு குண்டும் எண்ணி அனுப்பப்படுவது, மழையாகப் பொழிய வேண்டியதில்லை. சிக்கல் இரண்டாவது வேலையில் வந்தது. ஐந்து பாகங்களை மாற்றினால் இதே துப்பாக்கி .50 காலிபர், அதாவது எம்2-வைப் போல அரை அங்குலத் தோட்டாவைச் சுடும் இயந்திரத் துப்பாக்கியாக, எக்ஸ்எம்-312 என்ற பெயரில் மாறும் என்பது திட்டத்தின் பெருமையாகப் பேசப்பட்டது. மாறவும் செய்தது. ஆனால் எம்2 நிமிடத்துக்கு 450 முதல் 600 வரை சுடும். எக்ஸ்எம்-312 அதில் பாதியைத்தான் எட்டியது. விரைந்து செல்லும் வண்டியை .50 காலிபரால் சுடும்போது இரண்டு தோட்டாக்களுக்கு இடைப்பட்ட நேரத்தில் இலக்கு எவ்வளவு நகர்கிறது என்பதே முடிவைத் தீர்மானிக்கும். வாகனத்தில் ஏற்றிவிட்ட துப்பாக்கிக்கு எடை ஒரு பொருட்டும் அல்ல. எம்2 பெரும்பாலும் வாகனத்தின் மேல்தான் இருக்கிறது.

என்னுடைய முடிவு இங்கேதான் இருக்கிறது. எக்ஸ்எம்-307-இன் பொறியியல் தோற்கவில்லை. எடையைக் குறைத்ததற்கான விலையைச் சுடுவேகத்தில் கொடுத்தார்கள். எறிகுண்டு அந்த விலையைத் தாங்கியது, இயந்திரத் துப்பாக்கி தாங்கவில்லை. ஒரே உடலில் இரண்டு ஆயுதங்களை வைக்கச் சொன்னவர்கள் இந்த முரணை முதலிலேயே பார்த்திருக்க வேண்டும். எறிகுண்டு ஒன்றை மட்டும் கேட்டிருந்தால், 23 கிலோவில் 2000 மீட்டர் எட்டும் ஓர் ஆயுதம் இன்று எங்கோ ஒரு மலைமுகட்டில் இருந்திருக்கும் என்றே நம்புகிறேன்.

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2007-இல் எக்ஸ்எம்-307-க்கான நிதி நின்றது. அதைத் தொலைவிலிருந்து இயக்கும் வடிவில் பொருத்த எண்ணியிருந்த எதிர்காலப் போர்வாகனத் திட்டமும் 2009-இல் கைவிடப்பட்டது. .50 காலிபர் பகுதி மட்டும் தனியாகப் பிரிந்து எக்ஸ்எம்-806 என்ற பெயரில், 18 கிலோ அளவிலான துப்பாக்கியாகச் சில ஆண்டுகள் வாழ்ந்தது. 2012-இல் அதுவும் நின்று, அந்தப் பணம் குழலை விரைவாக மாற்றக்கூடிய எம்2ஏ1-க்குப் போனது. 1933-இல் வடிவம் பெற்ற எம்2, தன்னை மாற்ற வந்தவர்களை மீண்டும் ஒருமுறை வழியனுப்பி வைத்தது.

இது ஒரு தனிக் கதையும் அல்ல. எக்ஸ்எம்-307-இன் கூடப் பிறந்ததுபோல வளர்ந்தது எக்ஸ்எம்-29. துப்பாக்கியும் 20 மில்லிமீட்டர் வான்வெடிப்புக் குண்டுச் செலுத்தியும் ஒரு சிப்பாய் தனியாகச் சுமக்கும் ஒரே ஆயுதத்தில் சேர்ந்த அது, எட்டு கிலோவைத் தாண்டிக் கனத்தது. அதிலிருந்து குண்டுப் பகுதியைப் பிரித்து 25 மில்லிமீட்டரில் எக்ஸ்எம்-25 செய்தார்கள். எக்ஸ்எம்-307-இன் தோட்டாவைவிடக் குட்டையான தோட்டா அதற்கு. 2010 இறுதியில் அது ஆப்கானிஸ்தானுக்கே போனது. சுவரின் தூரத்தை அளந்து, அதோடு மூன்று மீட்டர் வரை கூட்டவோ குறைக்கவோ செய்து, சுவருக்கு அப்பால் குண்டை வெடிக்க வைக்கலாம். 2013-இல் பயிற்சியின்போது கோளாறு ஏற்பட்டது. 2018-இல் திட்டம் முடிந்தது. தென்கொரியா எக்ஸ்எம்-29-ஐப் போன்ற தன் கே11 துப்பாக்கியைப் படையினரிடம் கொடுத்தே பார்த்தது; வெடிப்பு விபத்துகளுக்கும் நீண்ட இழுபறிக்கும் பிறகு 2019 டிசம்பரில் கைவிட்டது. எக்ஸ்எம்-307, எக்ஸ்எம்-29, கே11 மூன்றிலும் நோய் ஒன்றே: இரண்டு ஆயுதங்களும் ஒரு கணினியும் ஒரே தோளில் ஏற வேண்டும் என்ற ஆசை.

எதிர்த்திசையில் ரஷ்யர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். அவர்களுடைய ஏஜிஎஸ்-17, முக்காலியுடன் 31 கிலோ. அதன் 30 மில்லிமீட்டர் குண்டு விநாடிக்கு 185 மீட்டர் வேகத்தில் மட்டுமே புறப்படுகிறது. 1700 மீட்டர் வரை எட்டுகிறது. அடுத்து வந்த ஏஜிஎஸ்-30, அதே தோட்டாவைச் சுட்டுக்கொண்டு, முக்காலியையும் சேர்த்து 16 கிலோ அளவுக்கு இறங்கியது. இரண்டிலும் கணினி இல்லை, வான்வெடிப்பு இல்லை, .50 காலிபர் இல்லை. சிறிய உதையைத் தரும் தோட்டாவை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். துப்பாக்கி தானாகவே இளைத்தது. எடைப் பிரச்சினையைத் தோட்டாவில் தீர்த்தவர்கள் வென்றார்கள், துப்பாக்கியில் தீர்க்க முயன்றவர்கள் திண்டாடினார்கள்.

அப்படியானால் வான்வெடிப்புக் குண்டு தவறான எண்ணமா என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு, இல்லை என்பதே பதில். எடை பொருட்டாக இல்லாத இடங்களிலெல்லாம் அது நிலைபெற்றுவிட்டது. சுவிட்சர்லாந்தின் ஓர்லிகான் 35 மில்லிமீட்டர் பீரங்கிக்குச் செய்த அஹெட் குண்டு, இலக்கின் முன்னால் வெடித்து 152 டங்ஸ்டன் உருளைகளை விசிறியடிக்கிறது. குழலின் வாயிலேயே ஒவ்வொரு குண்டின் உண்மையான வேகத்தையும் அளந்து, அதன்படி வெடிக்கும் நேரத்தைத் திருத்தி எழுதுகிறது அந்தக் கருவி. நேரத்தை எண்ணும் பியூஸின் குறையை இப்படித் தீர்த்தார்கள். ட்ரோன்கள் பெருகிய பிறகு இத்தகைய பீரங்கிகளுக்குப் புது மதிப்பு வந்திருக்கிறது. சிறிய ட்ரோனை நேராக மோதி வீழ்த்துவதைவிட, அதன் வழியில் சில்லு மேகம் ஒன்றை வைப்பது எளிது. எறிகுண்டுச் செலுத்தியிலும், மார்க் 47 என்ற 18 கிலோ ஆயுதம் கணினி பொருத்திய பார்வைக் கருவியுடனும் வான்வெடிப்புத் தோட்டாவுடனும் அமெரிக்கச் சிறப்புப் படையினரிடம் இருக்கிறது. பழைய 40 மில்லிமீட்டர் தோட்டாக்களையும் அது சுடும்; கணினி செயலிழந்தாலும் கையில் ஓர் எறிகுண்டுத் துப்பாக்கி மிஞ்சும். புதிய தோட்டாவையே நம்பிப் பிறந்த எக்ஸ்எம்-307-க்கு அந்த வசதி இல்லை.

ஒன்றைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. சிறு குண்டுகளில் வெடிமருந்து வைப்பது பற்றிய தயக்கம் மிகப் பழையது. 400 கிராமுக்குக் குறைந்த வெடிகுண்டுகளை வீரர்கள்மேல் சுடுவதில்லை என்று 1868-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பிரகடனத்தில் பல நாடுகள் ஒப்புக்கொண்டன. அமெரிக்கா அவற்றில் ஒன்றல்ல. விமானப் பீரங்கிகளும் எறிகுண்டுகளும் வந்த பின் அந்த எல்லை நடைமுறையில் தேய்ந்துபோனது. ஆனாலும் 25 மில்லிமீட்டர் குண்டின் துல்லியத்தை வியந்து பேசும்போது, அது யாருடைய தலைக்கு மேல் வெடிப்பதற்காகச் செய்யப்பட்டது என்பதும் என் நினைவில் இருக்கிறது. பொறியியலைப் பாராட்டுவதும் இதை மறவாமல் இருப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

கடைசியாக, இந்தியா. இங்கே பயன்பாட்டில் இருப்பது மேலே சொன்ன ஏஜிஎஸ்-17 குடும்பம்தான். 1966-இல் தொடங்கப்பட்ட திருச்சிராப்பள்ளி படைக்கலத் தொழிற்சாலை அந்த 30 மில்லிமீட்டர் தானியங்கி எறிகுண்டுச் செலுத்தியைத் தயாரிக்கிறது. 2021-இல் படைக்கலத் தொழிற்சாலை வாரியம் ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது, கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஒன்றின் கீழ் திருச்சித் தொழிற்சாலை வந்தது. ஏஜிஎஸ்-17-இல் லேசர் இல்லை, சுழற்சி எண்ணும் பியூஸ் இல்லை. 29 தோட்டா கொண்ட உருளைப் பெட்டி, ஒரு முக்காலி, ஓர் ஒளியியல் பார்வைக் கருவி. சுடுபவர் முதல் சில குண்டுகளை அனுப்பிவிட்டு, புகை எங்கே எழுகிறது என்று பார்க்கிறார். கைப்பிடியைச் சற்றே திருகி, அடுத்த தொடரை இலக்கை நோக்கி நகர்த்துகிறார். கணினி செய்ய வேண்டிய திருத்தத்தை அங்கே ஒரு மனிதக் கண் செய்கிறது.